முந்திரி என்று கேட்டோம்



திருகோணமலைத் துறைமுகத்தைக் கப்பலின் மேல்தளத்தில் நின்று பார்ப்பேன் என்று நான் கனவிலும் எண்ணியதில்லை. எண்ணாதது கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தப் பயணத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நீலக் கடலும் பச்சைக் குன்றுகளும் பிறகுதான் நினைவுக்கு வருகின்றன. முதலில் வருவது ஒரு கிண்ணம் வெள்ளைக் குருமா. அதை அடுத்து வருவது ஒரு சஹன் நெய்ச்சோறு. ஏன் என்று சொல்கிறேன்.

2023 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்கு உல்லாசக் கப்பல் பயணம் தொடங்கிய செய்தியைத் தாங்கள் படித்திருக்கக்கூடும். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று அந்நாட்டின் மூன்று துறைமுகங்களை அதில் சேர்த்திருந்தார்கள். சவூதியில் பணியாற்றும் என் மைத்துனருக்கு அப்போதிருந்தே ஓர் ஆசை. அடுத்து விடுமுறையில் வந்தவர், "மச்சான், எல்லாருமாப் போறோம். நீங்க மறுக்கக் கூடாது" என்று சீட்டை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டார். அரபிக் கல்லூரியில் பாடம் நடத்தும் ஒரு மௌலவிக்கு ஆட்டமும் பாட்டமும் சூதாட்டக் கூடமும் உள்ள கப்பலில் என்ன வேலை என்று தாங்கள் கேட்பது காதில் விழுகிறது. என் உஸ்தாதும் அதைத்தான் கேட்டார்கள். அந்தத் தளங்களின் பக்கம் போகாமலே ஐந்து நாட்களைக் கழிக்க முடியும் என்பதை அனுபவத்தில் கண்டேன். அறையிலேயே ஜமாஅத்தாகத் தொழுதோம். கப்பல் திரும்பத் திரும்பக் கிப்லாவும் மாறியது. அது பிள்ளைகளுக்கு ஒரு பாடமாகவும் அமைந்தது.

என் இளைய மகளுக்கு வயது பத்து. அவளுக்கு முந்திரிப் பருப்பு ஆகாது. 'ஆகாது' என்றால் வயிறு உப்புவது, சளி பிடிப்பது போன்றதன்று. நான்கு வயதில் ஒரு விருந்து வீட்டில் யாரோ அன்பாக ஊட்டிய முந்திரி இனிப்பின் ஒரு துண்டு அவள் உதட்டை வீங்க வைத்து, உடலெங்கும் தடிப்பேற்றி, மூச்சை இழுக்க வைத்தது. தோலிலும் இரத்தத்திலும் சோதனை செய்த பிறகு மருத்துவர் சொன்னது இதுதான்: உடலைக் காக்க வேண்டிய காவல் சக்தி, முந்திரியில் உள்ள புரதத்தைப் பகைவன் என்று தவறாக எண்ணிப் போர் தொடுக்கிறது. அளவு சிறிதானாலும் போர் பெரிதாகலாம். முந்திரியும் பிஸ்தாவும் ஒரே தாவரக் குடும்பம் என்பதால் பிஸ்தாவும் கூடாது. அதிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டும் நுழைவதில்லை. அட்ரினலின் மருந்துக் குப்பி இரண்டும் ஊசிகளும் ஒரு சிறு பெட்டியில் எப்போதும் என் மனைவியின் கைப்பையில் இருக்கும். எடைக்கு ஏற்ற அளவை மருத்துவர் எழுதிக்கொடுத்து, போடும் முறையையும் அவருக்குப் பழக்கியிருந்தார். மேலைநாடுகளில் பேனா வடிவில் ஆயத்தமாக விற்கும் ஊசி நம் பக்கத்தில் எளிதில் கிடைப்பதில்லை.

இப்போது என் தவறைச் சொல்கிறேன். பயணச்சீட்டோடு ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். உணவு பற்றிய இடத்தில் சைவம், அசைவம், ஜைன உணவு என்ற கட்டங்களும், 'வேறு தேவை' என்று ஒரே ஒரு வரியும் இருந்தன. அந்த வரியில் நான் 'ஹலால்' என்று எழுதினேன். வரி நிரம்பிவிட்டது. என் மகளின் முந்திரி அந்த வரிக்குள் வரவில்லை.

முதல் நாள் இரவுச் சாப்பாடு. பரிமாறுபவரிடம் இறைச்சி எங்கிருந்து வருகிறது, யார் அறுத்தது, எந்த எண்ணெய், மது கலந்த சாறு ஏதும் உண்டா என்று மூன்று முறை மாற்றி மாற்றிக் கேட்டேன். அவரும் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார். இருந்தும் என் மனம் நிறையவில்லை. சந்தேகம் வந்தால் விட்டுவிடுவதே பேணுதல் என்று எண்ணி, "எல்லாருக்கும் சைவமே கொண்டு வாருங்கள்" என்று சொன்னேன். நம்மில் வெளியூர் போகிறவர்கள் எத்தனை பேர் இப்படிச் செய்கிறோம்! சைவம் என்றால் கவலையில்லை என்பது நம் பழக்கம். நவரத்தினக் குருமா வந்தது. வெண்ணெய் போல் வெள்ளை வெளேரென்று இருந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லி எல்லாரும் சாப்பிட்டோம். வடநாட்டு முறையில் அந்த வெண்மையும் அந்தக் கெட்டித்தன்மையும் எதனால் வருகின்றன என்று சமையல் தெரிந்த சகோதரிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊறவைத்து அரைத்த முந்திரி! கண்ணுக்கு ஒரு பருப்புகூடத் தெரியாது.

கால் மணி நேரம் கழிந்திருக்கும். மகள் வாந்தி எடுத்தாள். கப்பல் அப்போதுதான் நடுக்கடலுக்கு வந்து ஆடத் தொடங்கியிருந்தது. பக்கத்து மேசையிலும் ஓர் அம்மையார் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். "கடல் மயக்கம். கொஞ்சம் எலுமிச்சை முகரச் சொல்" என்றேன் நான். என் மனைவி மகளின் முக்காட்டை விலக்கிக் கழுத்தைப் பார்த்தார். காதுக்குப் பின்னாலிருந்து கழுத்து முழுவதும் செந்தடிப்பு. கடல் மயக்கத்தில் தடிப்பு வராது. "முதலில் மாத்திரையைக் கொடுப்போம்" என்று நான் தடுமாறினேன். "மாத்திரை அரிப்பைத்தான் குறைக்கும். மூச்சடைப்பை நிறுத்தாது என்று டாக்டர் சொன்னது மறந்துவிட்டதா?" என்று கேட்டபடியே அவர் குப்பியை உடைத்து, மருந்தை இழுத்து, மகளின் தொடையின் வெளிப்புறத் தசையில் போட்டுவிட்டார். நான் கப்பல் மருத்துவரைத் தேடி ஓடினேன். எந்தத் தளத்தில் மருத்துவ அறை இருக்கிறது என்பதையும் நான் முன்னதாகப் பார்த்து வைக்கவில்லை. இரண்டு தளம் தவறாக ஏறி இறங்கினேன்.

அல்லாஹ் காப்பாற்றினான். மருத்துவர் வருவதற்குள் மூச்சு சீரடையத் தொடங்கியிருந்தது. அவளை எழுந்து நடக்கவிடவில்லை. கால்களை உயர்த்திப் படுக்கவைத்தே எடுத்துச் சென்றார்கள். இம்மாதிரி நேரத்தில் நோயாளி சட்டென்று எழுந்து நின்றால் இரத்த அழுத்தம் விழுந்துவிடலாமாம். அடங்கியது போலிருந்து சில மணி நேரத்தில் மீண்டும் தலைதூக்கலாம் என்பதால் இரவு முழுவதும் மருத்துவ அறையிலேயே வைத்திருந்தார்கள். தீர்ந்துபோன ஒரு குப்பிக்கு ஈடாக மருத்துவர் வேறொன்று தந்தார்.

குறை கப்பல்காரர்களுடையதன்று. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். நான் மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் ஒரே கேள்வியைக் கேட்டேன். 'ஹலாலா?' என்ற கேள்விக்குக் கிடைத்த பதில், 'இதில் என்னென்ன இருக்கிறது?' என்ற கேள்விக்குப் பதிலாகாது.

அந்த இரவு அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தபோது, ஆண்டுதோறும் நான் பாடம் நடத்தும் ஒரு ஹதீஸ் நினைவுக்கு வந்தது. அன்னை மைமூனா (ரலி) அவர்கள் வீட்டில் பொரித்த உடும்பு பரிமாறப்பட்ட நிகழ்ச்சி. புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. நாயகம் (ஸல்) அவர்கள் கை நீட்டும்போது, அங்கிருந்த பெண்களில் ஒருவர், முன்வைத்திருப்பது என்னவென்று அவர்களுக்குத் தெரிவித்துவிடுங்கள் என்று சொல்கிறார். உடும்பு என்று அறிந்ததும் அண்ணலார் கையை எடுத்துக்கொள்கிறார்கள். இது ஹராமா என்று காலித் பின் வலீத் (ரலி) கேட்க, இல்லை, என் சமூகத்தார் பகுதியில் இது இல்லாததால் எனக்கு ஒவ்வவில்லை என்ற கருத்தில் விடை வருகிறது. காலித் (ரலி) அதையே தம் பக்கம் இழுத்துச் சாப்பிடுகிறார்கள். இதிலிருந்து உடும்பு பற்றிய சட்டத்தை மாணவர்களுக்கு நான் விரிவாக விளக்குவேன். ஆனால் உணவு இன்னதென்று பெயர் சொல்லப்படும் வரை பெருமானார் (ஸல்) அவர்கள் பெரும்பாலும் அதில் கைவைத்ததில்லை என்றும் அதே அறிவிப்பில் இருக்கிறதே! அந்த வரியை இத்தனை ஆண்டுகளும் வேகமாகக் கடந்து போயிருக்கிறேன். சொன்னது ஒரு பெண் என்பதையும்தான்.

மறுநாள் காலை உணவுக்கூடத்தின் தலைவர் தாமே வந்து உட்கார்ந்தார். பத்துப் பன்னிரண்டு உணவுகளுக்கு ஒரே வெள்ளை அடிக்குழம்பைப் பெரிய பாத்திரத்தில் செய்து வைத்துப் பிரித்துக்கொள்வது பெரிய சமையற்கூடங்களின் வழக்கம் என்றார். அதனால் பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அன்றிலிருந்து ஒவ்வோர் இரவும் மறுநாள் உணவுப் பட்டியலை என் மனைவியிடம் கொடுத்து, எதைத் தனியாகச் செய்ய வேண்டும் என்று குறித்துக்கொண்டு போனார். அவரவரே எடுத்துக்கொள்ளும் பஃபே பக்கம் பிள்ளையை அழைத்துப் போகாதீர்கள் என்றும் சொன்னார். அங்கே ஒரு பாத்திரத்துக் கரண்டியை அடுத்த பாத்திரத்தில் போடுகிறவர்கள் எல்லாரும் பயணிகள்தானே, நாங்கள் யார் கையைப் பிடிக்க முடியும் என்றார். வாசலில் கைக்கு ஊற்றிக்கொள்ளும் சானிடைசரைப் பற்றியும் ஒன்று தெரிந்துகொண்டேன். அது கிருமியைக் கொல்லும், பருப்பின் புரதத்தைக் கையிலிருந்து எடுக்காது. அதற்குச் சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். நம் வீட்டில் சாப்பிடும் முன் கை கழுவும் பழக்கத்தை அந்தத் திரவம் மறக்கடித்துவிடக் கூடாது.

கப்பலில் ஏறும்போது பெரிய பெட்டிகளை வாசலிலேயே வாங்கிக்கொள்கிறார்கள். அவை அறைக்கு வந்து சேரப் பல மணி நேரம் ஆகிறது. அந்தப் பெட்டியில் மருந்தை வைத்திருந்தால் முதல் இரவு எங்கள் கதி என்னவாகியிருக்கும் என்று நினைத்தாலே உடல் நடுங்குகிறது. மருந்து கையில்தான் இருக்க வேண்டும். ஊசியைக் கண்டு கேள்வி கேட்கும் காவலர்களுக்குக் காட்ட மருத்துவரின் கடிதமும் கூடவே இருக்க வேண்டும்.

அம்பாந்தோட்டையில் நாங்கள் இறங்கவில்லை. அடுத்த நாள் விடியற்காலை, ஃபஜ்ரு தொழுதுவிட்டு மேல்தளம் ஏறியபோது கப்பல் கொட்டியாரக் குடாவுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. சகோதரிகளே, அந்தக் காட்சியை எப்படிச் சொல்வேன்! வலப்புறம் சுவாமி மலைப் பாறை செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. அதன் உச்சியில் கோணேசர் கோயில். அதைச் சுற்றி 1624இல் போர்த்துக்கீசியர் கட்டத் தொடங்கிய கோட்டை. உள்ளே போகப் போகக் கடல் ஏரிபோல் அமைதியாகிறது. நாலாபுறமும் குன்றுகள். உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பள்ளிப் பாடத்தில் படித்ததன் பொருள் அப்போதுதான் விளங்கியது. இதற்காகத்தான் போர்த்துக்கீசியரிடமிருந்து 1639இல் ஒல்லாந்தரும், பின்னர் ஆங்கிலேயரும் இதைப் பிடித்தார்கள். இதற்காகத்தான் 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் இதன்மீது குண்டு பொழிந்தன. துறைமுகத்தின் இறங்குதுறைகளில் ஒன்றுக்கு மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃப் அவர்களின் பெயர். 1994 முதல் துறைமுக அமைச்சராக இருந்து, 2000 செப்டம்பரில் ஹெலிகாப்டர் விபத்தில் மரணமானவர். அந்தப் பெயரைக் கேட்டதும் என்னையறியாமல் துஆ செய்தேன்.

இறங்கியதற்குக் காரணம் ஊர் பார்ப்பது மட்டுமன்று. என் மனைவியின் பாட்டனார் காலத்தில் வியாபாரத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட குடும்பம் ஒன்று கிண்ணியாவில் இருக்கிறது. மாவட்டத்தில் 2012 கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 40 விழுக்காட்டினர் முஸ்லிம்கள். கிண்ணியாவும் குடாவின் மறுகரையிலுள்ள மூதூரும் அவர்களின் பெரிய ஊர்கள். சீனன்குடாவில் ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்த் தொட்டிகளைத் தாண்டி, கிண்ணியாப் பாலத்தில் ஏறினோம். 2009 அக்டோபரில் திறக்கப்பட்ட பாலம். அதற்கு முன்பெல்லாம் பாதை என்று அவர்கள் சொல்லும் மிதவைப் படகில்தான் கடக்க வேண்டுமாம். "அந்தக் காலத்தில் ராத்திரி வருத்தம் வந்தா விடியும் வரை காத்திருக்கணும்" என்று காரோட்டிய தம்பி சொன்னார்.

என் மனைவி இம்முறை எனக்கு வேலை வைக்கவில்லை. கப்பலுக்குப் புறப்படும் முன்பே ஊரிலிருந்து தொலைபேசியில் லாத்தாவிடம் பேசியிருந்தார். "முந்திரி மட்டும் எதிலயும் போட்டுடாதீங்க லாத்தா, பிள்ளைக்கு உயிராபத்து" என்று இரண்டு தடவை சொல்லியிருந்தார். அவர்களும், "நான் போடுவனா தங்கச்சி? ஒண்டும் போடமாட்டன்" என்று உறுதி சொல்லியிருந்தார்கள்.

வீட்டில் நுழைந்ததும் முகம் மலர வரவேற்பு. ஆண்களுக்கு முன்கூடத்திலும் பெண்களுக்கு உள்ளேயும் பாய் விரித்து, நடுவில் சஹன்கள். எங்கள் ஊர்ப் பக்கம் விருந்தில் இரண்டு மூன்று பேர் ஒரு சஹனில் சாப்பிடுவோம். அங்கே ஆறு பேர். நெய்ச்சோறு, இறைச்சி ஆணம், கோழி, கத்தரிக்காய், கடைசியில் வட்டலப்பம். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து ஆவியில் வேகவைக்கும் அந்த வட்டலப்பத்தின் மணம் வாசலிலேயே வந்தது.

"எல்லாம் நீங்க சொன்ன மாதிரித்தான் தங்கச்சி. முந்திரிக ஒண்டுமே போடல்ல. பேரப் புள்ளைகள் கேட்டுச்சு, அப்பவும் போடல்ல" என்றார்கள் லாத்தா. என் மனைவி நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். நானாக இருந்தால் உட்கார்ந்திருப்பேன். கப்பலில் பட்ட சூடு அவரை அடுக்களைக்குள் அழைத்துப் போயிற்று. "நெய்யில முதல்ல எதப் பொரிச்சீங்க லாத்தா?" என்று கேட்டிருக்கிறார்.

"கஜுதான். வேறென்ன?"

அடுப்பு மேடையில் ஒரு தட்டு நிறையப் பொன்னிறத்தில் வறுத்த முந்திரிப் பருப்பு!

சகோதரிகளே, அந்த நாட்டுத் தமிழில் முந்திரிகை என்றால் திராட்சை. முந்திரிகை வற்றல் என்றால் உலர்ந்த திராட்சை. பழைய தமிழிலும் கொடிமுந்திரி என்ற சொல் திராட்சைக்கு உண்டு. நாம் முந்திரி என்று சொல்வதை அவர்கள் கஜு என்பார்கள், எழுத்தில் மரமுந்திரிகை. லாத்தா சொன்ன சொல் தவறவில்லை. ஒரு திராட்சைகூடச் சோற்றில் இல்லை. முந்திரிப் பருப்பு பொரித்த நெய்தான் சோறு முழுவதும் ஊற்றிக் கிளறப்பட்டிருந்தது. கோழி ஆணத்தில் அதையே அரைத்து விட்டிருந்தார்கள். வட்டலப்பத்தின் உள்ளேயும் மேலேயும் அதுவே.

கஜு என்ற பெயரும் அந்த மரமும் போர்த்துக்கீசியர் வழியாகப் பிரேசிலிலிருந்து நம் கரைகளுக்கு வந்தவை. வடநாட்டில் காஜூ. எங்கள் நெல்லைப் பக்கம் அண்டிப்பருப்பு, கொல்லாங்கொட்டை என்போம். ஒரே பருப்புக்கு இத்தனை பெயர், ஒரே பெயருக்கு இரண்டு பொருள்! காலையில் நான் வியந்து பார்த்த கோட்டையைக் கட்டியவர்கள் விட்டுச்சென்ற சொல் ஒன்று, நண்பகலில் என் மகளின் சோற்றுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

விஷயம் விளங்கியதும் லாத்தா அடுக்களை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். "அல்லாஹ்வே, விருந்துக்குக் கூப்பிட்டுப் புள்ளயக் கொல்லப் பாத்தனே" என்று அழுதார்கள். என் மனைவி அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, பிழை நம் சொல்லில்தான், உங்களிடம் இல்லை என்று தேற்றினார். வந்திருந்த வயதான மாமி ஒருவர், "மேலால கிடக்கிற கஜுவப் பொறுக்கிப் போட்டுக் குடுங்களன்" என்றார். இன்னொருவர், "கொஞ்சம் கொஞ்சமாகக் குடுத்தாப் பழகிரும்" என்றார். இரண்டும் நல்ல மனத்தோடு சொன்னவைதான், இரண்டும் ஆபத்து. பருப்பைப் பொறுக்கினாலும் நெய்யில் இறங்கியது போகாது. சூட்டில் பொரிந்தாலும் அந்தப் புரதம் அழியாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்குவது மருத்துவர் மேற்பார்வையில், ஊசியும் ஆக்சிஜனும் பக்கத்தில் இருக்கச் செய்யும் சிகிச்சை. வீட்டில் விளையாடிப் பார்க்கும் காரியமன்று. ஒரு பெரியவர் என்னைத் தனியே அழைத்து, "மௌலவி, ஓதிப் பாத்தீங்களா?" என்றார். ஓதுகிறேன், தினமும் ஓதுகிறேன் என்றேன். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. ஊசிப் பெட்டிதான் எங்கள் கயிறு.

இனி என்ன செய்வது? மாலை 4 மணிக்குள் கப்பலுக்குத் திரும்ப வேண்டும். லாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்கள். சோப்புப் போட்டுக் கை கழுவினார்கள். பெட்டியிலிருந்து புதுச் சட்டி ஒன்றை எடுத்துக் கழுவி வெள்ளைச் சோறு வைத்தார்கள். காலையில் கரையிலிருந்து வந்த விளைமீன் ஐஸில் இருந்தது. புது எண்ணெயில் அதைப் பொரித்தார்கள். தேங்காய்ச் சம்பல் இடித்தார்கள். சம்பலில் மாசி போடவா என்று கேட்டார்கள். மாசி என்றால் மீன், அது என் மகளுக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் மீன் ஆகாதவர்கள் இலங்கைக்குப் போனால் நினைவில் வையுங்கள்: காய்கறிச் சம்பல் என்று பார்வைக்குத் தெரிவதிலும் மாசித்தூள் கலந்திருக்கும்.

மீன் என்றதும் பக்கத்து வீட்டுச் சகோதரி ஒருவர் கேட்டதையும் சொல்லிவிடுகிறேன். சூரை மீன் சாப்பிட்ட ஒரு நாள் அவர் வீட்டில் நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் முகம் சிவந்து, தலை இடித்து, அரிப்பெடுத்ததாம். அன்றிலிருந்து குடும்பத்துக்கே மீன் ஒவ்வாமை என்று எண்ணிச் சூரையை ஒதுக்கிவிட்டார்கள். கப்பல் மருத்துவரிடம் நான் பின்னர் இதைக் கேட்டேன். பிடித்த மீனை உடனே குளிரில் வைக்காவிட்டால் சூரை போன்ற மீன்களில் ஹிஸ்டமின் என்ற பொருள் ஊறிவிடுகிறது. சமைத்தாலும் அது போவதில்லை. சாப்பிட்ட அத்தனை பேருக்கும் வந்தால் பெரும்பாலும் மீன் கெட்டுப்போனதே காரணம். ஒருவருக்கு மட்டும், திரும்பத் திரும்ப வந்தால்தான் ஒவ்வாமையைச் சந்தேகிக்க வேண்டும். எதுவானாலும் மருத்துவரைக் காணாமல் முடிவு கட்டக் கூடாது.

என் மகளுக்குத் தனித் தட்டு வைத்தபோது அவள் முகம் வாடியது. இத்தனைக்கும் அது அவளுக்குப் பழக்கம்தான். விருந்து என்றால் அவளுக்கு எப்போதும் ஓரத்தில் ஒரு தட்டு. லாத்தாவின் பேத்திகள் ஐந்து பேர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூத்தவளுக்குப் பதினான்கு வயதிருக்கலாம். "உம்மம்மா, நாங்களும் வெள்ளச் சோறு தின்னுறம். எங்களுக்கு ஒரு சஹன் வையுங்க" என்றாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஐந்து பேரும் வரிசையாகப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவி வந்தார்கள். நெய்ச்சோறும் கோழியும் வட்டலப்பமும் கமகமக்கும் வீட்டில் ஆறு பெண்பிள்ளைகள் ஒரு சஹனைச் சுற்றி உட்கார்ந்து வெள்ளைச் சோறும் பொரித்த மீனும் சம்பலும் சாப்பிட்டார்கள். பத்து வயதில் என் மகள் பிறரோடு ஒரே சஹனில் கைவைத்துச் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. என் மனைவி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். தொண்டை அடைத்துக்கொண்டது.

புறப்படும் முன் லாத்தாவின் மகன் ஒரு காகிதத்தில் 1990 என்று எழுதித் தந்தார். ஆண்டு என்று நினைத்தேன். இலவச ஆம்புலன்ஸ் எண்ணாம். சுவசெரிய என்று பெயர். 2016இல் இந்திய உதவியோடு தொடங்கி, பின்னர் எல்லா மாகாணங்களுக்கும் விரிந்தது. 2004 டிசம்பர் சுனாமியில் தங்கள் மருத்துவமனையையே பறிகொடுத்த ஊர் கிண்ணியா. மருத்துவ உதவியின் அருமை அவர்களுக்குத் தெரியும். எந்த ஊரில் இறங்கினாலும் இந்த எண்ணையும் அரசு மருத்துவமனை இருக்குமிடத்தையும் முதலில் கேட்டுவிடுவது என்று அன்று முடிவு செய்தேன்.

ஊசியும் இருந்து, பெற்றவரும் பக்கத்தில் இருந்து, கேட்டறியும் வழி மட்டும் இல்லாமல் போன ஒரு வீட்டையும் உலகம் அறியும். 2016இல் லண்டனிலிருந்து பிரான்சுக்கு விமானத்தில் சென்ற நடாஷா என்ற பதினைந்து வயதுச் சிறுமி, ரொட்டி மாவுக்குள் எள் கலந்திருந்தது உறையில் எழுதப்படாததால் அதைத் தின்று இறந்தாள். தந்தை பக்கத்திலிருந்து இரண்டு ஊசிகள் போட்டும் பயனில்லை. அந்தப் பெற்றோரின் முயற்சியால் 2021 அக்டோபர் முதல் இங்கிலாந்தில், கடையிலேயே செய்து பொதிந்து விற்கும் உணவிலும் சேர்மானம் முழுவதையும் எழுத வேண்டும் என்று சட்டம் வந்தது. நம் நாட்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் கொண்டுவந்த விதிகளும் பால், முட்டை, மீன், இறால் வகை, நிலக்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், சோயா, கோதுமை வகை ஆகியவற்றைப் பொட்டலத்தில் குறிப்பிடச் சொல்கின்றன. அந்தப் பட்டியலில் எள் இல்லை. கல்யாண வீட்டுத் தேக்சாவிலும் எந்த உறையும் ஒட்டியிருப்பதில்லை. அங்கே சமைத்தவர்கள் வாயால்தான் சொல்ல வேண்டும்.

மாலையில் கப்பல் புறப்பட்டது. கிண்ணியாப் பக்கத்துக் கரையில் விளக்குகள் ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். மஃரிபும் இஷாவும் சேர்த்துத் தொழுதுவிட்டு இரவு உணவுக்குப் போனோம். அன்று பரிமாற வந்தவர் இந்தோனேசியாக்காரர். ஸலாம் சொன்னார். நான் வாயைத் திறக்கும் முன் என் மகள் தன் சிறு குறிப்பேட்டைப் பிரித்து அவரிடம் நீட்டினாள். முதல் பக்கத்தில் முந்திரிப் பருப்பின் படம் வரைந்து, அதன் கீழே முந்திரி, கஜு, காஜூ, அண்டிப்பருப்பு என்று தமிழிலும் ஆங்கில எழுத்திலும் எழுதியிருந்தாள். "இதுல இது இருக்கா? அரைச்சு ஊத்தியிருக்கா? பொரிச்ச நெய் இருக்கா?" என்று அவளே கேட்டாள். மூத்தவன் அதை ஆங்கிலத்தில் சொன்னான். அவர் படத்தைப் பார்த்துச் சிரித்து, "மெதே" என்றார். எங்கள் ஊரில் இதற்கு அதுதான் பெயர் என்று விளக்கிவிட்டு, சமையற்கூடத்தில் கேட்டுவரப் போனார்.

திரும்பி வரச் சற்று நேரம் பிடித்தது. சோறும் பருப்பும் தனியாகச் செய்ததாகவும், அல்வாவில் மட்டும் இருப்பதாகவும் சொன்னார். அதற்குள் என் மகள் அண்டிப்பருப்புக்குக் கீழே 'மெதே' என்று எழுதி முடித்திருந்தாள்.